நெற்றியில் விழுந்த நிழல்

கண்புரை அறுவை முடிந்த மறுநாள் காலை என் கண்கட்டை அவிழ்த்தார்கள். மகள் காபியை நீட்டி, "அப்பா, என்னத் தெரியுதா?" என்றாள். முதலில் தெரிந்தது அவள் முகமன்று. அவள் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர். அதன் வயிற்றில் மருத்துவமனை ஜன்னல் வளைந்து, கம்பிகளோடும் ஒரு துண்டு வானத்தோடும் குடியிருந்தது.

"டம்ளர்ல ஜன்னல் தெரியுதும்மா."

"இத்தன வருஷமா டம்ளர்ல காபி மட்டும்தான் பாத்தீங்க" என்று சிரித்தாள். கமால் பாயும் ஒருமுறை ஏறக்குறைய இதையே சொன்னார்.

திருவிடைமருதூரில் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியனாகச் சேர்ந்தபோது, அங்கே ஓவிய ஆசிரியராக இருந்தவர் அவர். சொந்த ஊர் அதிராம்பட்டினம். நானோ தஞ்சாவூர்ப் படங்களைத் தொழுது வளர்ந்தவன். பொன்ரேக்கும் பதித்த கல்லும் மின்ன, முழுமதி போன்ற முகம் நம்மை நேராக நோக்கும். நிழல் என்பது மருந்துக்கும் இராது. இறைவனைச் சோதி என்றும் சுடர் என்றும் பாடும் பதிகங்களை ஓதுகிறவனுக்கு அதுவே முறை என்று பட்டது.

பாய் நீர்வண்ணத்தில் வரைவது வேறு உலகம். மழை விட்ட தேரடி வீதியில் காபிக் கடை விளக்கு நீண்டு கரைந்து கிடக்கும். நடவு வயலில் வானம் தலைகீழாக இறங்கியிருக்க, மேகத்தின்மேல் காலூன்றிப் பெண்கள் குனிந்திருப்பார்கள். பள்ளிச் சுவரில் சாய்த்து வைத்த சைக்கிளை விட்டுவிட்டு, அதன் நிழலை மட்டும் வரைந்து காட்டினார் ஒருநாள்.

"சைக்கிள் எங்க பாய்?"

"அதத்தான் தெனமும் ஓட்டறீங்களே ஐயா. நெழல என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

எனக்கு அவை ஈரம் பட்ட தாள்களாகவே தோன்றின என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நல்ல தாள் அப்போது சென்னையிலிருந்து வர வேண்டும். ஆகவே ஒரு படம் யாருக்கும் பிடிக்கவில்லையென்றால், குழாயடியில் பிடித்துத் தூரிகையால் தடவிக் கழுவி, நிழலில் உலர்த்தி, அதே தாளில் வேறு படம் போடுவார். வண்ணம் ஓடிக் கரைவதைச் சலனமின்றிப் பார்த்து நிற்பார்.

எங்கள் திருமணப் புகைப்படம் ஓர் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, கண்ணாடியோடு ஒட்டிக் கெட்டிருந்தது. என் மனைவியை வரைந்து தரும்படி பாயைக் கேட்டேன். லட்சுமி கடாட்சமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். ஒரு சனிக்கிழமை முற்பகல் அவர் வீட்டுக்கு வந்து, முற்றத்து ஓரமாக உட்கார்ந்தார். "சும்மா உக்கார வேண்டாம்மா. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார். அவள் அண்டாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

படம் இப்படி அமைந்தது. முற்றத்து வெயில் அண்டாத் தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து தெறித்து, குனிந்த அவள் தாடையிலும் கழுத்திலும் அலை அலையாக ஆடுகிறது. கண்ணுக்கு மேலே, வெயிலுக்குத் தலையில் இழுத்துவிட்ட சேலைத் தலைப்பின் நிழல். நெற்றி இருண்டிருந்தது. குங்குமம் தெரியவில்லை.

நான் பாய் பக்கம் திரும்பினேன். "சுமங்கலி நெத்தி பாய் இது. பாழா விட்டுட்டீங்களே?"

"பொட்டு இருக்கு ஐயா. நெழலுக்குள்ள இருக்கு. கிட்ட வந்து பாருங்க."

நான் கிட்டப் போகவில்லை.

அவள்தான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தாள். "இந்தத் தாடை எங்கம்மா தாடை. எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது, அண்ணே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, உங்க சாமிக்குத்தான் நெழல் கிடையாது. அடுப்படியில நிக்கறவளுக்கு உண்டு" என்றாள். நான் இணங்கவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் அதைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இரண்டு ஆண்டுகளில் அவள் மஞ்சட்காமாலையில் போய்விட்டாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. குங்குமம் மறைந்த நெற்றியைக் கண்டு நான் நடுங்கியது என் ஆயுளை எண்ணித்தான். என் ஆயுளுக்கு ஒரு குறையும் வரவில்லை.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் ஒருநாள், "அம்மா எப்படிப்பா இருப்பாங்க?" என்று கேட்டாள். "அழகா இருப்பா" என்றேன். "அழகான்னா எப்படி?" என்றாள். அந்த ஞாயிறே அதிராம்பட்டினத்துக்குப் பேருந்து ஏறினேன். பாய் அதற்குள் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் வாங்கிப் போயிருந்தார்.

"அந்தப் படம்..." என்று தொடங்கியதுமே அவர் தலை குனிந்தது.

"அன்னிக்குச் சாயங்காலமே கழுவிட்டேன் ஐயா."

கடற்காற்றில் கதவு ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. அவரே ஒரு தாளைப் பலகையில் பொருத்தினார். "சொல்லுங்க. வகிடு நேரா எடுப்பாங்களா, கோணலாவா? புருவம் சேர்ந்திருக்குமா?"

இறைவன் திருமேனியைப் பாதம் முதல் முடிவரை நிறுத்தாமல் பாடத் தெரிந்த என்னால் சொல்ல முடியவில்லை. நேர் வகிடு என்றேன். பிறகு, இல்லை என்றேன். மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதிலும் தடுமாறினேன். அழுதுவிட்டேன்.

"விடுங்க ஐயா. எனக்கும் மொகம் நெனவுல இல்ல. வெளிச்சம் எப்படி வந்துச்சுன்னு மட்டும் நல்லா நெனவிருக்கு" என்றார். வரைந்தார். முற்றம், வெயில், அண்டா, ததும்பும் நீர், குனிந்த தோள், தலைப்பின் நிழல். முகத்துக்குரிய இடத்தில் தூரிகையை வைக்கவே இல்லை. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிட்டார்.

பாய் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் திருவிடைமருதூர் வீட்டை இடித்துத் திருமண மண்டபம் கட்டிவிட்டார்கள். முற்றத்து வெயில் விழுந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. படம் மட்டும் மகள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள், பழைய படம், நடுவில் சாயம் உதிர்ந்துவிட்டது போலும் என்று அனுதாபத்தோடு சொல்வார்கள். மகள் திருத்துவதில்லை. நானும் திருத்துவதில்லை.