சினைப்பை என்று சத்தமாகச் சொன்னேன்

காலையில் தேங்காய்த்திட்டில் மீன் வாங்கப் போனேன். வழக்கமாக எனக்கு மீன் தரும் அக்கா, துறைமுகமே கேட்கும்படி கூவிக்கொண்டிருந்தார்.

"சங்கரா வாங்கிக்க, சினையோட இருக்கு, சினை!"

என்னைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. காதருகே குனிந்தார்.

"உனுக்கு அந்த எடத்துல கட்டியாமே? கர்ப்பப்பைய எடுக்கணுமாமே?"

போன வாரம் நான் எடுத்தது ஸ்கேன் மட்டும்தான். கர்ப்பப்பையை எடுத்தது ஊர்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரியும். விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

"எந்த எடத்துலக்கா?"

"அதாம்மா... கீழ."

"கீழ இல்லக்கா. சினைப்பையில. கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு இருக்கும், முட்டை உருவாகுற எடம். அதுல ஒண்ணுல சின்னதா நீர்க்கட்டி. தானா கரைஞ்சிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கர்ப்பப்பை நல்லா இருக்கு."

"மெதுவாப் பேசும்மா, ஆம்பளைங்க நிக்கிறாங்க."

"காலையிலேர்ந்து சினை சினைன்னு நீதானக்கா கூவுற?"

அக்கா தராசை எடுத்தார். அரை கிலோ சங்கராவைப் பையில் போட்டுத் தந்தார்.

செய்தி தப்பாகப் பரவிய அதே வேகத்தில் திருத்தமும் பரவ வேண்டும். பரவாவிட்டால் நாளையும் போய்க் கூவுவேன்.

அது சரி, உங்கள் வீட்டில் "அந்த இடம்" என்றால் எந்த இடம்?