கஸ்டமர் கார்டில் ஒரு சிவப்புக் கோடு

மோட்டார் விற்பது ஒரு நாள் வேலை. அதை யாருக்கு விற்றோம் என்று தெரிந்து வைத்திருப்பது வருஷக்கணக்கான வேலை. ஓசூரில் ஒரு பம்ப்செட் டீலர் ஆபீஸில் அந்த இரண்டாவது வேலையை எண்பதுகளில் ஆரம்பித்துத் தொண்ணூறுகள் வரை செய்தேன். மோட்டார் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு கஸ்டமர் கார்டு உண்டு. பெயர், அப்பா பெயர், ஊர், மோட்டார் நம்பர், மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டியின் நம்பர், எப்போது என்ன ரிப்பேர் பார்த்தோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று மர டிராயர்களில் கார்டுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஆள் இரண்டு கார்டில் இருந்தார், இரண்டு ஆட்கள் ஒரே கார்டில் குடித்தனம் செய்தார்கள். பதிவேடும் பட்டியலுமாகக் காலம் தள்ளிய சக துன்பசாலிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு டிராயரில் கையை விட்டால் கேட்ட கார்டு வரும்.

ஐந்து முனியப்பா

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரே ஊரில் எங்களுக்கு ஐந்து முனியப்பாக்கள். அந்த ஊர் முனீஸ்வரனிடம் வேண்டிக்கொண்டு பிறந்த ஆண் பிள்ளைக்கெல்லாம் அதே பெயர்தான். அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்று. ஒரு முனியப்பா புகார் கொடுக்க, எங்கள் மெக்கானிக் திம்மராஜ் நேராகப் போய் இன்னொரு முனியப்பாவின் மோட்டாரைக் கழற்றிப் பிரித்துப் போட்டுவிட்டான். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார்.

இனி பட்டப்பெயரையும் சேர்த்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். ஊர் என்றால் ஆளுக்கொரு பட்டப்பெயர் இல்லாமலா போகும்? அடுத்த வாரம் ஒரு முனியப்பா வந்து கவுண்டரில் நின்றார். பென்சிலைச் சீவிக்கொண்டு, "ஊர்ல உங்களை எப்படிங்க கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன். அவர் மிகவும் யோசித்தார். பிறகு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "என்னை யாரும் கூப்புட மாட்டாங்கம்மா, நானாத்தான் போய் நிப்பேன்."

மூன்று வீட்டு அமாவாசை

ஆளைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் கிணற்றைக் கேட்க ஆரம்பித்தேன். மாந்தோப்புக் கிணறு, பாறைக் கிணறு, ரோட்டோரக் கிணறு என்று கார்டின் மேல் மூலையில் எழுதினேன். ஆள் ஊர் மாறுவார், கிணறு மாறாது. ஐந்து முனியப்பாக்களும் அதோடு பிரிந்து தனித்தனி ஆனார்கள். இது என் சொந்த மூளையில் உதித்த முறை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த முறையில் இரட்டைக் கார்டுகளும் மாட்டின. வெங்கடப்பா என்று ஒருவர். வீடு கர்நாடகாவில், கிணறும் அதை ஒட்டிய வீடும் தமிழ்நாட்டில், மாமனார் வழி வீடும் நிலமும் ஆந்திராவில். எல்லாம் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். மூன்று விலாசத்துக்கும் மூன்று கார்டு இருந்தது. நான் மூன்றையும் ஒன்றாக்கினேன். பொங்கலுக்கு முன்னால் மனிதர் ஆபீஸுக்கு வந்துவிட்டார். கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் என் மேனேஜரைக் கடிந்துகொண்டு, கடைசியில் தமிழில் என்னிடம் வந்தார். வருஷா வருஷம் எங்கள் ஆபீஸிலிருந்து அவருக்கு மூன்று காலண்டர் போகுமாம், இந்தத் தடவை ஒன்றுதான் வந்ததாம். கார்டு சுத்தமானதை நான் பெருமையோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கார்டை ஒண்ணாக்கிட்டே, சரிம்மா. மூணு வூட்டுல அடுப்பு எரியுதே, மிச்ச ரெண்டு வூட்டுல அமாவாசை என்னிக்குன்னு யாரைக் கேக்கறது?"

மீந்துபோன ஒன்பது பெட்டிகள்

பிறகு ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய தனி அறை, அதற்கு ஒரு திரை. கார்டுகளை அதில் ஏற்றும் முன்னால் வேண்டாததைக் களைந்துவிடச் சொன்னார் மேனேஜர். எனக்கா சொல்ல வேண்டும்? அனுப்பிய காலண்டர்களில் சில, 'காலமாகிவிட்டார்' என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்திருந்தன. அந்தக் கார்டுகளின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். தூக்கிப் போட மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு பீரோ மேல் வைத்தேன். கம்ப்யூட்டருக்குள் உயிரோடு இருப்பவர்கள் மட்டும் போனார்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஸ்டார்ட்டர் செய்யும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட நம்பர்களில் வந்த ஸ்டார்ட்டர்களுக்கு உள்ளே வயர் உறை சரியில்லை, மேல் பெட்டியில் கரண்ட் பாயலாம், உடனே மாற்றுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கு விற்ற கணக்குப்படி புதுப் பெட்டிகளும் லாரியில் வந்து இறங்கின. நான் ஒரு மணி நேரத்தில் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். திம்மராஜ் இரண்டே வாரத்தில் அத்தனையையும் மாற்றிவிட்டு வந்தான். பட்டியலில் டிக் போடாத பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் குடோனில் ஒன்பது பெட்டிகள் மீந்து நின்றன.

"எண்ணத் தெரியாதவங்க, கூட அனுப்பிட்டாங்க" என்றேன். திம்மராஜ் பெட்டிகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அவங்க சரியாத்தான் எண்ணியிருக்காங்க அக்கா. செத்தவங்க மோட்டாரை இப்ப யாரு ஓட்டறாங்க?"

சுவரில் தொங்கிய குச்சி

பிஸ்கட் டின்னை இறக்கினேன். சிவப்புக் கோடு போட்ட கார்டுகளில் ஒன்பதில் அந்த நம்பர்கள் இருந்தன. எங்கள் பக்கத்தில் அப்பா போனாலும் கரண்ட் இணைப்பு அப்பா பெயரில்தான் இருக்கும், மோட்டாரும் அப்படியே. யாரும் மாற்ற மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததா? கிணறு மாறாது என்று பெருமையடித்தவளே நான்தான். கோடு போடும்போது மட்டும் கிணற்றை மறந்து ஆளைப் பார்த்துவிட்டேன்.

பாரூர்ப் பக்கமும் மற்ற இடங்களிலுமாக எட்டுப் பெட்டிகளை மூன்று நாளில் திம்மராஜ் மாற்றினான். ஒன்பதாவது, அஞ்செட்டி தாண்டி மலைக்குள் இருக்கும் மாதப்பா கிணறு. நான் போக வேண்டிய அவசியமில்லைதான். கோடு போட்டவள் நான் என்பதால் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நாலு மணி நேரம் காத்திருந்து, இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். திம்மராஜ் தோளில் பெட்டி.

மாதப்பாவின் மனைவி மாதம்மா ராகி வயலிலிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெறுங்கால், முழங்கால் வரை சேறு. மோட்டார் கொட்டகைச் சுவரில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில், ஒரு குச்சி கயிற்றில் தொங்கியது. அது எதற்கு என்று கேட்டேன். "பொட்டி சுருக்குனு புடிக்குதுங்க, போன மழையிலருந்து. குச்சியால அமுக்குனா ஒண்ணும் பண்றதில்லை" என்றார் சாதாரணமாக.

திம்மராஜ் பெட்டியில் டெஸ்டரை வைத்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் வாய்க்கால் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் அந்தக் குச்சி நனைந்திருந்தால் போதும். காரணம் என் சிவப்புப் பென்சிலாக இருந்திருக்கும்.

புதுப் பெட்டியை மாட்டி, எர்த் வயரையும் சரியாகப் போட்டு முடித்ததும், மாதம்மாவை வெறுங்கையால் பட்டனை அமுக்கச் சொன்னான் திம்மராஜ். அவர் தயங்கி, குச்சியை ஒரு பார்வை பார்த்து, பிறகு விரலை வைத்தார். தண்ணீர் கொட்டியது. எனக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொண்டேன். பையிலிருந்து கார்டை எடுத்து, "இனிமே உங்க பேர்லயே எழுதிடறேம்மா" என்றேன். அவர் அவசரமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அவரு பேரை அடிச்சிராத தாயி. அது இருக்கறதாலதான் நீங்க இம்மாந்தூரம் தேடிக்கினு வந்தீங்க, எம் பேருக்கு இதுவரைக்கும் ஒரு காயிதமும் வந்ததில்ல."

அடுத்த வருஷக் காலண்டரை 'மாதம்மா, மாதப்பா கிணறு' என்று எழுதி அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை. கார்டுகளைச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு வருஷம் போதுமாக இருந்தது, எதைத் துடைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் அஞ்செட்டி பஸ் ஏற வேண்டியிருந்தது.