ஐந்து பேருக்கு ஒரு பிரச்சினைப் பிள்ளை

பதினாறு வருடம் கணிதம் படிப்பித்த பிறகு, படிப்பிப்பது எப்படி என்று படிக்கப் போனேன். பட்டதாரி ஆசிரியர் என்றால் பட்டப்பின் கல்வி டிப்ளோமா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதவி உயர்வுப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. எங்கள் பாடசாலையிலிருந்து மட்டும் ஐந்து பேர் சேர்ந்தோம்: விஞ்ஞான சேர், வணிகக்கல்வி சேர், தமிழ் டீச்சர், ஆங்கில டீச்சர், நான். கிழமை நாட்களில் கண்டி வீதியில், கப்பல்துறைக்குக் கிட்ட ஆசிரியர்கள். சனி ஞாயிறில் நகரத்து மண்டபம் ஒன்றில் கடைசி வரிசைக் கதிரைக்கு அடிபடும் மாணவர்கள். நான்கு மாதத்துக்குள் நாங்கள் எங்கள் பிள்ளைகளை விட மோசமாகிவிட்டோம். பிந்தி வந்தோம், முந்திப் போனோம், வராதவருக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்தோம்.

உளவியல் ஞாயிறு காலையில். விரிவுரையாளர் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருவார். நல்ல மனிதர். கண்ணை மூடிக்கொண்டு கதைப்பார். நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு கேட்போம். ஒருநாள் வாசலில் தமிழ் டீச்சர் வைத்துவிட்டு வந்த ஆளுமைக் கோட்பாட்டுக் குறிப்பை வீதியில் திரிகிற மான் ஒன்று தின்றுவிட்டது. அந்த வகுப்பில் அந்தப் பாடத்தைச் செரித்த ஒரே உயிர் அதுதான்.

ஒப்படையாக அவர் தந்தது தனியாள் ஆய்வு. ஒரு பிரச்சினைப் பிள்ளையைத் தெரிந்தெடுத்து, அவதானித்து, நேர்கண்டு, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரை விசாரித்து, காரணம் கண்டுபிடித்து, பரிகாரம் எழுத வேண்டும். இரண்டு பேரின் ஆய்வு ஒன்றுபோல இருந்தால் இரண்டையும் தள்ளிவிடுவேன் என்றார். பிறகு ஒரு நிபந்தனையை மூன்று தடவை சொன்னார். பிள்ளை யார் என்பது இரகசியம், பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஆசிரியருக்கும் தெரியக்கூடாது. அந்தப் பாடநெறி முழுவதிலும் அவர் சொன்னவற்றில் நாங்கள் ஐந்து பேரும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தது அது ஒன்றைத்தான்.

பிரச்சினைப் பிள்ளைக்கு எங்கள் பாடசாலையில் பஞ்சமில்லை. ஆனால் மேசை உடைக்கிறவனை எடுத்தால் அவனுடைய தகப்பன் வந்து எங்களை உடைப்பார். பாடசாலைக்கே வராதவனை நேர்காண முடியாது. இன்னொருத்தியின் வீடு உள்ளே, யானை வருகிற பாதையில். இப்படிக் கழித்துக்கொண்டு வந்தபோது என் கண்ணில் தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி பட்டாள். வாய் திறக்க மாட்டாள். என் பாடத்தில் இருபது புள்ளியைத் தாண்டியதில்லை. தாய் எந்நேரமும் வீட்டில். வீடோ பஸ் தரிப்பிடத்துக்கு எதிரில். விசாரணையை முடித்து வாசலைத் தாண்டினால் என் வீடு இருக்கும் பாலையூற்றுக்கு நேர் பஸ். ஒரு பிரச்சினைப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய அத்தனை தகுதியும் அவளுக்கு இருந்தது.

வீட்டுக்குப் போனேன். அந்தத் தாய் என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார், மகளைக் கடைக்கு அனுப்பி பிஸ்கற் வாங்கினார், இஞ்சி போட்ட பிளேன்டீ தந்தார். நான் கொப்பியைத் திறப்பதற்குள்ளேயே அவர் தொடங்கிவிட்டார். எட்டாம் மாதம் பல் முளைத்தது, பதினோராம் மாதம் நடந்தாள், தலையில் அடிபடவில்லை, காக்கை வலிப்பு இல்லை, நான்கு வயதுக்குப் பிறகு படுக்கையில் சலம் போனதில்லை. கேள்வி கேட்காமலே இப்படிப் பதில் சொல்கிற தாயை நான் அதற்கு முன் கண்டதில்லை. பஸ்ஸுக்குள் இருந்து எழுதினேன்: தாயிடம் மிகையான பதகளிப்பு (பதற்றம்) காணப்படுகிறது.

அடுத்த நாள் வாகை மரத்தடியில் பிள்ளையை இருத்தி, வெள்ளைத் தாள் கொடுத்து, படம் கீறச் சொன்னேன். என்ன படம் என்று நான் சொல்வதற்குள், “வீடு, மரம், ஆள்தானே டீச்சர்?” என்று கேட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விவேகம் சராசரிக்கு மேல் என்று குறித்துக்கொண்டேன்.

அந்த மாதம் என்னுடைய பாடவேளைகளில் அவளை யாராவது வந்து கேட்டபடி இருந்தார்கள். விஞ்ஞான சேர் ஒருநாள், ஆங்கில டீச்சர் ஒருநாள், கொஞ்ச நேரம் அனுப்ப முடியுமா என்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் இருந்தும் ஒன்றுதான், போயும் ஒன்றுதான் என்று நினைத்து ஓம் என்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

ஆய்வை முன்வைக்கும் ஞாயிறு வந்தது. விஞ்ஞான சேர் முதலில் எழுந்தார். செல்வி எக்ஸ், மந்தமான அவதானம், காரணம் போசாக்கின்மை. அடுத்தவர் வணிகக்கல்வி சேர். அவருடைய பிள்ளைக்குத் தந்தையின் அன்பு கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போன மூன்று தடவையும் தந்தை இருக்கவில்லையாம். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற மனிதன் காலை பத்து மணிக்கு வீட்டில் ஏன் இருக்கப் போகிறான் என்று நான் மனதுக்குள் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. என்னுடைய பிள்ளையின் தந்தையும் துறைமுகத்தில்தான். ஆங்கில டீச்சரின் பிள்ளைக்குத் தாழ்ந்த சுயமதிப்பு. வரைந்த வீட்டுக்கு யன்னல் இல்லை. தமிழ் டீச்சரின் பிள்ளைக்கு அளவு மீறிய தாய்ப் பாதுகாப்பு. தாய் பிளேன்டீக்கு இஞ்சி போடுகிறவர். அப்போது ஐந்து பேரும் ஆளையாள் பார்த்தோம். பார்த்துவிட்டு ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்தோம். நான் எழுந்து போய், பதகளிப்பை முன்வைத்துவிட்டு வந்தேன். ஒரே பாடசாலையில் இத்தனை விதமான பிரச்சினைகளா என்று விரிவுரையாளர் வியந்து, எங்கள் ஐந்து பேரையும் மெச்சினார்.

திங்கட்கிழமை காலை அதிபரின் அறைக்கு வரச் சொல்லி எனக்கு ஆள் வந்தது. உள்ளே அந்தத் தாயும் பிள்ளையும் நின்றார்கள். மேசையில் விடுகைப் பத்திரம் கேட்டு ஒரு கடிதம். பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்து, இலங்கைத்துறையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாராம். அங்கே மந்திரித்து நூல் கட்டுகிற ஒருவர் இருக்கிறாராம். கடையில் பிஸ்கற் வாங்கப் போகும்போதெல்லாம் இன்றைக்கு யார் வந்தது, பிள்ளைக்கு என்ன என்று கேட்கிறார்களாம். எங்கள் ஐந்து பேருக்கும் ஆய்வுக்கு அனுமதிக் கடிதம் ஒப்பமிட்டுத் தந்த அதிபர், அது எந்தப் பிள்ளை என்று கேட்காத மனிதர், இப்போது என்னைப் பார்த்தார். மற்ற நால்வருக்கும் அன்று காலை திடீரென்று வகுப்புகளில் கடமையுணர்வு வந்திருந்தது.

தாய் என்னிடம் திரும்பினார். “அஞ்சு பேர் வந்து போயிட்டீங்க டீச்சர். கேக்குறீங்க, எழுதுறீங்க, போறீங்க. என்ன வருத்தமெண்டு ஒருத்தரும் சொல்லுறீங்க இல்ல. சின்ன வருத்தமெண்டா சொல்லியிருப்பீங்கதானே. எனக்கு இனி ஏலாது. உள்ளதைச் சொல்லுங்க.”

நாங்கள் இரகசியம் காத்தோம். அந்தத் தாயோ, ஆஸ்பத்திரியில் பெரிய வருத்தக்காரருக்கு உண்மையை மறைப்பதுபோல மறைக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதமாக அழுதிருக்கிறார். முகம் வீங்கியிருந்தது.

சொல்வதற்கு என்னிடம் நல்ல சொற்கள் இருந்தன. சின்னதொரு மன அழுத்தம், வழிகாட்டலில் மாறிவிடும் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் தப்பியிருப்போம். ஒப்படையும் தப்பியிருக்கும். ஆனால் அந்தச் சொல்லையும் அவர் வருத்தத்தின் பெயராகத்தான் எடுத்துக்கொண்டு போவார். பிள்ளையின் படிப்பு இலங்கைத்துறையோடு முடியும். சாதாரண தரச் சோதினைக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது.

“பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்ல அம்மா,” என்றேன். “எங்களுக்குச் சோதினை. ஒரு பிள்ளையைப் பற்றி எழுதச் சொன்னாங்க. உங்கட வீடு பஸ் ஹோல்ட்டுக்கு முன்னால இருக்கு. அதாலதான் வந்தனாங்க.”

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். தாய் மகளைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குள் பிள்ளை வாய் திறந்தாள். வகுப்பில் இரண்டு வருடமாக என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

“அப்ப எனக்கு ஏன் டீச்சர் கணக்கு விளங்குதில்ல?”

போசாக்கின்மை, தந்தையின் அன்பு, யன்னல் இல்லாத வீடு, இஞ்சி, பதகளிப்பு என்று நாங்கள் ஐந்து பேரும் தாள் தாளாக எழுதியிருந்தோம். அவற்றில் எங்கேயும் இந்தக் கேள்வி இல்லை. ஒன்பதிலும் பத்திலும் அவளுக்குக் கணிதம் படிப்பித்தவள் நான். எந்த இடத்தில் விளங்காமல் போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனையாம் மாதம் பல் முளைத்தது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

“நான் உனக்கு ஒழுங்காப் படிப்பிக்கயில்ல மகள்,” என்றேன். “வேறொண்டுமில்ல.”

தாய் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தார். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மகளை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப டீச்சர், உங்களைப் பற்றி ஆர் எழுதுறது?”

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.