குளிர்த்தி கண்ட இரும்பு

அத்தான் முதன்முதலாக லொறியோடு எங்கள் வளவுக்குள் வந்த அன்று, அம்மா செய்த முதல் காரியம் கோழிகளைப் பிடித்துக் கூட்டுக்குள் அடைத்ததுதான். மருமகன் கோழி திருடுவார் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். லொறி திருடும் என்று நினைத்திருப்பாள். மோர்க்காரியின் முட்டியில் தண்ணீர், அயல்வீட்டுக்காரியின் சிரிப்பில் கண்ணூறு, வாசலில் நாய் படுத்தால் அதிலும் ஏதோ சூது என்று வாழ்ந்தவள் அவள். அவளுடைய அண்ணன், எங்கள் பெரிய மாமா, அவளையும் மிஞ்சியவர். வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிக்குத் தண்ணீர் விடுவதும் மறிப்பதும் அவர் சொற்படிதான் நடக்கும். பக்கத்து வயல்காரன் வரம்பை வெட்டிவிட்டான் என்ற முறைப்பாடுகளையே நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவர் என்பதால், உண்மை பேசுகிறவனைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகும். அப்பா இவர்கள் இருவருக்கும் நடுவில் வாய் திறப்பதில்லை.

அத்தான் செட்டிபாளையத்துக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி அக்காவைக் கட்டி, குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டுக்கே குடிவந்தவர். வரும்போது ஒரு பெட்டகமும், லொறி ஓட்டத் தெரிந்த இரண்டு கைகளும் கொண்டுவந்தார். மாமாவுக்கு அந்தக் கைகள் பிடிக்கவில்லை. கலப்பை பிடிக்காத கை என்ன கை என்று அவர் கலியாணப் பந்தலிலேயே கேட்டுவிட்டார். லொறி புளியந்தீவில் இருந்த ஒரு முதலாளியுடையது. அந்த நாளில் எங்கள் வீதியால் போகும் லொறிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றை ஓட்டுகிறவர் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார் என்பதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினேன்.

கல்லடிப் பாலம் வந்த புதிது. மண்டூருக்கு அப்பால் ஒரு குளத்துக்குப் புதிதாகத் துருசு கட்டினார்கள். குளத்துத் தண்ணீரை வேண்டியபோது திறந்து, வேண்டாதபோது அடைக்கிற மதகுக்கு அந்தப் பெயர். அதற்குரிய வார்ப்பிரும்புச் சாமான்கள் கப்பலில் வந்தன. கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் நிற்க, வத்தைகள் என்ற சரக்குப் படகுகள் போய் இறக்கி வாவி வழியாகத் துறைக்குக் கொண்டுவரும். அத்தான் அங்கே ஏற்றி, பாலத்தைக் கடந்து, கடற்கரை வீதியால் குருமண்வெளிக்குப் போவார். அங்கிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கப் பாதை இருந்தது. இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்த அந்தத் தெப்பத்தைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். லொறி அதில் ஏறினால் தோணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இருக்கும் என்று அத்தான் சொல்லுவார்.

வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கியதும் பாதைக்காரர்கள் முழுப் பாரத்தை ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஆகவே அத்தான் வழியில் எங்கள் வளவில் ஒரு பெரிய குழாயை இறக்கிவைத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுபோய்விட்டு வருவதாக ஏற்பாடு. நான் குனிந்து ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வெளியே வரக்கூடிய குழாய் அது. மாமாவின் வயலில் வேலை செய்தவர்கள் எல்லாரும் வந்து, பலகை சாய்த்து, கயிறு கட்டி, அங்குலம் அங்குலமாக உருட்டி இறக்கினார்கள். ஒரு கயிற்றை அத்தான் பிடித்தார். மற்றக் கயிற்றை மாமா பிடித்தார். வேறு யாரிடமும் அதைக் கொடுக்க அவருக்கு நம்பிக்கை இல்லை. குழாய் பூப்போல மணலில் வந்து உட்கார்ந்தது.

அத்தான் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து அதன் முதுகில் தட்டினார். கோயில் மணியைப் போலச் சத்தம் எழுந்து வளவெல்லாம் சுற்றிற்று. வாயைப் பிளந்துகொண்டு நின்ற எனக்கு அவர் விளக்கம் சொன்னார். இந்த இரும்பு பார்வைக்குத்தான் மல்லன், குணத்தில் மண்சட்டி. வெடித்துவிட்டால் சத்தம் செத்துப்போகும். குளத்தடியில் நின்று வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார். ஒன்று செத்த சத்தம் போட்டால் போதும், முதலாளி லொறியை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார். லொறி போனால் அத்தானின் கதி என்ன என்பதையும் மாமா முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தார். வயலில் இறங்கித் தன் சொல் கேட்க வேண்டும், அல்லது பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு செட்டிபாளையத்துக்கு நடக்க வேண்டும்.

அத்தான் போன மறுநாள் மீன்காரி வந்தாள். குழாயைப் பார்த்தாள், கூடையை இறக்கிவைத்தாள். புதுத் துருசு பலி கேட்கும் என்று அவளுக்கு ஆரோ சொல்லியிருந்தார்கள். தண்ணீர் போக இவ்வளவு பெரிய வாய் எதற்கு, ஒரு பிள்ளையை உள்ளே வைக்கத்தானே என்று அவள் மெதுவாகக் கேட்டுவிட்டு, எங்களிடம் நல்ல விலைக்கு மீனையும் விற்றுவிட்டுப் போய்விட்டாள். நான் அன்றுவரை அந்தக் குழாய்க்குள் நாலைந்து தடவை புகுந்து வந்தவள். கேட்டதும் என் கை கால் எல்லாம் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவின் பயம் வேறு இடத்துக்குப் போயிற்று. அக்காவுக்கு அப்போது ஆறு மாதம், தலைப்பிள்ளை. ஓடியாடுகிற பிள்ளையைப் பிடிப்பதைவிடப் பிறக்காத பிள்ளையைப் பிடிப்பது அந்தக் குழாய்க்குச் சுலபம் என்று அம்மா கண்டுபிடித்தாள். மாமாவுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து குழாயை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, வாயருகே காதை வைத்துக் கேட்டார். கச்சான் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போகும்போது குழாய் ஊம் என்று முனகிக்கொண்டிருந்தது. மாமா காதை எடுத்துக்கொண்டு, உள்ளே ஏதோ மூச்சுவிடுகிறது என்றார்.

“எத்தனை வளவு கிடக்க, நம்மட வளவிலயா கொண்டுவந்து வைக்கவேணும்?” என்றாள் அம்மா.

“அதை வைச்சவனைத்தான் கேக்கவேணும்,” என்றார் மாமா.

அந்தச் சொல் வீட்டுக்குள் புகுந்துகொண்டது. அக்கா சாப்பிடவில்லை. குழாய் முனகும்போதெல்லாம் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். இரவில் நான் அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் தூங்கவில்லை. பலிக்குப் பிள்ளை தேடித்தான் அத்தான் அதை இங்கே வைத்தாரோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அவர் ஏன் அவ்வளவு அன்பாக எனக்கு அந்த இரும்பைப் பற்றிச் சொல்லித்தந்தார்?

கண்ணகை அம்மன் கோயிலில் குளிர்த்தி முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கோபமாக இருக்கும் அம்மனை வேப்பிலையாலும் நீராலும் குளிர்விக்கிற சடங்கு அது. அம்மனே குளிர்ந்து போகும்போது இந்த இரும்பு குளிராதா என்பது அம்மாவின் வாதம். ஆனால் உள்ளே பதுங்கியிருப்பதை முதலில் வெளியே எழுப்ப வேண்டும் என்று மாமா சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் குழாய்க்குள் தேங்காய்ச் சிரட்டையும் தும்பும் குவித்து நெருப்பு மூட்டினார்கள். சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டார்கள். அயல் பெண்கள் எல்லாரும் தங்கள் வீட்டுச் சிரட்டைகளையும் கொண்டுவந்து கொட்டினார்கள். மதியம் ஆனபோது குழாய்க்கு ஆறடிக்குக் கிட்டே போக முடியவில்லை.

பயம் யாருக்கோ அவள்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றாள் அம்மா. அக்கா தலை முழுகி, கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட புதுப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, எட்ட நின்று குழாயின் வாய்க்குள் வீசி ஊற்றினாள். ஆவி குப்பென்று கிளம்பிற்று. அதற்குள் இருந்து ணங் என்று ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம்.

மாமா கையைக் கூப்பினார். “போயிற்றுது,” என்றார்.

பெண்கள் குரவையிட்டார்கள். அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாலையில் காற்றும் விழுந்துவிட்டது, குழாய் முனகவில்லை. அதற்குமேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? சர்க்கரைப் புக்கை பொங்கிச் சாப்பிட்டோம். அக்கா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் அத்தான் வந்தார். கரியைப் பார்த்து என்ன என்று கேட்டவரிடம், நுளம்புக் கடிக்குப் புகை போட்டோம் என்று அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள். பாதைக்காரர்கள் காற்று விழுந்த நேரத்துக்குள் வரச்சொல்லியிருந்ததால் அவருக்கு நின்று பேச நேரமில்லை. ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாள் பின்னேரம் அவர் நடந்து வந்தார். லொறி இல்லை. ஓவசியர் தட்டினாராம், குழாய் பேசவில்லையாம், அடிப்பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்ததாம். லொறியை முதலாளியின் வேறு ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அத்தான் இதை ஒருவரிடமும் சொல்லாமல் நேரே கிணற்றடிக்கு வந்து, அங்கே நின்ற என்னிடம்தான் சொன்னார். பிறகு, நான் இல்லாத நாளில் குழாய்க்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். நெருப்பைச் சொன்னேன், பானையைச் சொன்னேன், ணங் என்று அந்தப் பேய் போன சத்தத்தை வாயால் போட்டும் காட்டினேன். ஒரு பெரிய காரியத்தைக் கண்ணால் கண்டவள் என்ற பெருமை எனக்கு.

“முதல் தண்ணி ஆர் ஊத்தின?”

“அக்காதான்.”

அவர் வாளியில் இருந்த தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

“இதை மறுகா ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத புள்ள. சொன்னா போனது திரும்பி வரும்.”

வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பின்னால் வீட்டுக்குள் போனேன். லொறியைக் கொண்டுபோன ஆள் வழியில் சொல்லிவிட்ட சங்கதி மாமாவின் காதுக்கு எட்டி, அவரும் வந்து உட்கார்ந்திருந்தார். குழாய் எப்படி வெடித்தது என்று அவர் கேட்டார். கேட்கும்போதே அவர் முகத்தில் ஒரு திருப்தி.

“நான்தான் மாமா. அண்டைக்கு இறக்கேக்க என்ட பக்கத்துக் கயிறை விட்டுட்டன்.”

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் மாமா.

மற்றக் கயிற்றைப் பிடித்திருந்தவர் அவர். அத்தானின் கயிறு வழுக்கியிருந்தால் மாமா பலகையோடு இழுபட்டு மணலில் மூஞ்சி குத்த விழுந்திருப்பார். ஆனாலும் அப்பவே தெரியும் என்றார். அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டு, தனக்கும் அப்போதே மனதில் பட்டது என்றாள். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகித்த அந்த இரண்டு பேரும், அன்று அந்த ஒரு பொய்யை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

நான் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. நான் அன்று அங்கே நின்றவள். கயிறு வழுக்கவில்லை. அத்தான் பொய் சொல்கிறார் என்று தெரிந்ததும், அதுவரை அரைகுறையாக இருந்த என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. இப்படிப் பொய் சொல்கிறவர் இன்னும் என்னென்ன செய்திருப்பாரோ என்று எண்ணிக்கொண்டு, நெடுங்காலம் அவர் தரும் தோடம்பழ இனிப்பைக்கூட மணந்து பார்த்துத்தான் வாயில் போட்டேன். அவர் மாமாவின் வயலில் இறங்கினார். கால் சேற்றில் புண்ணாகி, மாமாவின் வாயால் எல்லாம் கேட்டு, ஓம் மாமா, ஓம் மாமா என்று அந்த வருஷம் முழுக்க உழுதார். ஆவணியில் அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அம்மா, குளிர்த்தி செய்ததால் தப்பிய பிள்ளை என்றாள். பக்கத்தில் நின்ற அத்தான், ஓம் மாமி என்றார்.

அக்காவின் தண்ணீரில்தான் இரும்பு வெடித்தது என்று அன்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்தால், சூட்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கும் என்று ஒருத்தியும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் கையாலேயே அது பலியைக் கேட்டு வாங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். வயிற்றில் பிள்ளை ஒரு நேரம் அசையாவிட்டாலும் அக்கா செத்துப் பிழைத்திருப்பாள். இதெல்லாம் நான் என் முதல் பிள்ளையைச் சுமந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

அத்தான் அந்தப் பொய்யைச் சொன்ன அன்றிரவு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கவனமில்லாமல் லொறியைத் தொலைத்துவிட்டாரே என்று அக்கா அத்தானோடு கோபித்துக்கொண்டாள். அவர் பிழைதான், பிழைதான் என்று சொல்லிக்கொண்டிருக்க, அவள் முகங்கொடுத்துப் பேசாமல் சுவரின் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு விடியும்வரை நன்றாகத் தூங்கினாள்.