பெண் பார்க்க வருவதற்கு முன் போட்ட ஊசி

எழுபதுகளின் கடைசியில், நான் பத்தாவது படிக்கும்போது, எங்கள் ஆம்பூர்ப் பள்ளியில் எல்லாப் பெண்களுக்கும் ரணஜன்னித் தடுப்பூசி, அதாவது டெட்டனஸ் ஊசி, போடப்போவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஊசி. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வாணியம்பாடியிலிருந்து வருகிறார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்திருந்தது.

பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோருக்கும் அந்த ஊசி தெரியும். கர்ப்பமாக இருக்கும்போது ஆஸ்பத்திரியில் போடுவார்கள். எங்கள் தெருவைப் பொறுத்தவரை அது புள்ளத்தாச்சி ஊசி, அவ்வளவுதான். கல்யாணமாகாத பெண் அதைப் போட்டுக்கொண்டு கை வீங்கி வந்தால் குழாயடியில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குப் பள்ளிக்கே போகக் கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உயிர்ப் பயம்தான், வேறென்ன? அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், தோலிலிருந்து சதை சீவுகிறவர். அவர் பக்கத்தில் நின்று வேலை செய்த ஒருவர், கத்தி பட்ட சின்னக் காயத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு, தாடை பூட்டிக்கொண்டு, தொண்டையில் தண்ணீர்கூட இறங்காமல் செத்துப்போனார். அதற்கப்புறம் அப்பாவுக்குக் கை கிழிந்தபோது உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதே ஊசியைப் போட்டார்கள். நானும் சாயங்காலமானால் பிளேடும் கையுமாக உட்கார்ந்து செருப்பு வேலை செய்கிறவள்தானே. என் விரல் மட்டும் இரும்பா?

அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துப் பள்ளிக்கு ஓடிவிட்டேன். நர்சம்மா வகுப்பில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் காத்திருந்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் தாவணியை இழுத்துக் கையை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான். நான் போய்க் கையை நீட்டினேன். நர்சம்மா பஞ்சால் துடைக்கும்போது அம்மா மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"அது புள்ளத்தாச்சிக்குப் போடுறது. நாளைக்கு மாப்ள வூட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

நர்சம்மா பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். எனக்கு ஏது பொறுமை?

"அப்பாவுக்கும் இதே ஊசிதானம்மா போட்டாங்க. அவருக்கு எத்தினி மாசம்னு கேளு."

வகுப்பே சிரித்தது. நர்சம்மா சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அறை நிச்சயம் என்றுதான் நினைத்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஐயோ, அழ வைத்துவிட்டேனே என்று பதறிப்போனேன். பார்த்தால், சிரிப்பு. போட்டுத் தொலை என்று கையைக் காட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். எனக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காபித் தட்டைத் தூக்கும்போது கை இன்னும் வலித்தது. முகம் சுளித்ததை மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார், கையில் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். பள்ளியில் போட்ட ஊசி என்றாள். எங்கள் வீட்டுக்காரரும் போட்டிருக்கிறார் என்றாள். உங்கள் பையனும் தோல் ஷாப்பில்தானே வேலை செய்கிறான், போட்டுக்கொண்டானா என்று கேட்டாள். அந்த அம்மா மகனைப் பார்த்தார். அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"அப்ப மொதல்ல போட்டுக்கினு வரச் சொல்லுங்க," என்றாள் அம்மா. "அப்புறம் பேசலாம்."