ராஜா முகம் போட்ட பனியன்

வெள்ளைக்கார ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு, நூம்பலில் எங்கள் நைனாவுக்கு ஒரு பனியன் கிடைத்தது. ஏரிக்கரையில் மண்வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் மணியக்காரர் ஆளுக்கொன்று கொடுத்து, பூந்தமல்லி ஊர்வலத்துக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். இப்போது டீ-சர்ட் என்கிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. நெஞ்சில் நீல மையில் ராஜாவின் தாடி முகம்.

நைனா அதுவரை மேலுக்கு எதுவும் போட்டதில்லை. எங்கள் சேரியில் யாருமே போடக்கூடாது. நிலத்துக்காரர், அதாவது எங்களுக்கு 'ஆண்டே', எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டைக்கூட எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மரியாதை!

நல்லவேளையாக, நிலத்துக்காரர் அன்றைக்குப் பட்டணம் போகிறார் என்று பேச்சு. அம்மாவுக்கு நடவு வேலை இருந்தது. நைனாவைப் பனியனோடு பார்க்காமல் போகிறோமே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"ஊர்கோலம் முடிஞ்சதும் நேரா கழனிக்கு வரேன். இத்த போட்டுகினே வரேன், பாரு" என்றார் நைனா.

மிட்டாய் கொடுப்பார்கள் என்று நானும் கூடப் போனேன். எனக்கு எட்டு வயது. வழியெல்லாம் நைனா குனிந்து குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பூந்தமல்லிப் பந்தலில் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் எங்கள் நிலத்துக்காரர். பட்டணத்துக்குப் போகவே இல்லை மனுஷன்.

வரிசையில் முதலில் வந்தவர் நைனாதான். நிலத்துக்காரரைப் பார்த்ததும் நைனாவின் கைகள் தாமாகப் பனியனைக் கழற்றி இடுப்பில் கட்டின. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். ராஜாவின் முகம் பின்பக்கத்தில் இருந்தது. கூட்டம் சிரித்தது. கழற்றப்போன மற்றவர்கள் அப்படியே கையை இறக்கிக்கொண்டார்கள்.

"ராஜா முகத்தை எங்கேடா கட்டியிருக்கிறாய்? சுயராஜ்யக் கொடி பிடிக்கிற பசங்க சொல்லிக் கொடுத்தானுங்களா?" என்று தாசில்தார் எழுந்துவிட்டார்.

நைனா மறுபடியும் கும்பிட்டார். ஏன் கட்டினார் என்பது நிலத்துக்காரருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பேண்டு வாத்தியக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேவகன் பனியனை உருவிக்கொண்டு பிரம்பால் நைனாவின் முதுகில் நாலு போட்டான். நானாவது கத்தியிருக்கலாம். என் வாயில் மிட்டாய் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

சொன்னபடி நைனா நேராகக் கழனிக்குத்தான் போனார். அம்மா சேற்றிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். வெற்றுடம்பு. சுற்றிவந்து முதுகைப் பார்த்துவிட்டு, நாற்றுமுடியைக் கீழே போட்டாள். நடந்ததை நான்தான் அழுதுகொண்டே சொன்னேன்.

"ஆண்டே அங்கதான இருந்தாரு? ஒரு வார்த்த சொன்னா இன்னா?" என்று அம்மா கத்தினாள்.

"அவரு இன்னா பண்ணுவாரு? தப்பு என்னுது" என்றார் நைனா. "அவரு எதிர்ல அம்மாந்தூரம் போட்டுகினு போயிட்டேன். பந்தலாண்ட வர்றதுக்கு முன்னியே அவுத்திருக்கணும்."