என் மகள் படம் போட்ட காலண்டர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டிக்கொண்டிருந்தவன், டெக்சாஸுக்கு வந்து பேர்லேண்டில் சொந்தமாகக் கார் ஒர்க்‌ஷாப் போட்டேன். மூன்று லிஃப்ட், ஒரு டோயிங் வண்டி. ஊரில் பாதித் தமிழ்க் குடும்பங்களின் கார்ச் சாவி என் கடை ஆணியில் தொங்கியது. வீடு கட்டினேன். பின்பக்கம் சிமென்ட் தளம் போட்டு, பழைய கார் மோட்டாரை வைத்து டென்னிஸ் பந்து எறியும் மெஷினையும் நானே செய்தேன். கடை போட்டபோது பேங்க் லோன் தரவில்லை. என்னை அமெரிக்காவுக்கு ஸ்பான்சர் செய்த டாக்டர் மச்சினன், “இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மாமா, பேசாம ஒரு வேலைக்குப் போங்க” என்றார். அவர் ஸ்பான்சர் செய்ததும் சும்மா இல்லை. அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என் மனைவி தேவைப்பட்டாள்.

அந்த மெஷினில் அடித்துப் பழகிய என் மகளை ஒரு யூனிவர்சிட்டி டென்னிஸ் டீமுக்குக் கூப்பிட்டார்கள். கோச் வீட்டுக்கே வந்தார். ஃபீஸ், ரூம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ என்றார்.

ஃப்ரீ என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கத் தோன்றும். எங்கேயாவது ஆயில் ஒழுகும். மகள் காலேஜுக்குப் போன பிறகு பார்த்தேன். விடிந்தால் ஜிம், பிறகு கிளாஸ், மதியம் முழுக்கப் பிராக்டிஸ், சனி ஞாயிறு வெளியூர் மேட்ச். சம்பளம் மட்டும் கிடையாது. என் மெக்கானிக்குகளுக்கு நானும் மதியச் சாப்பாடு போட்டேன். சாப்பாடு போடுகிறேனே, சம்பளம் எதற்கு என்று கேட்டிருந்தால் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்திருப்பார்கள்.

வருஷா வருஷம் சிவகாசியில் காலண்டர் அடித்து வரவழைத்து, கோயிலில் வைத்து எல்லோருக்கும் கொடுப்பது என் வழக்கம். மேலே முருகன், கீழே என் ஒர்க்‌ஷாப் பெயர். மகள் இரண்டாம் வருஷம் படித்தபோது முருகன் இருக்கும் இடத்தில் அவள் படத்தைப் போட்டேன். கையில் ராக்கெட்டோடு சிரிக்கும் படம். அவளிடம் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையின் படத்தைப் போட யாரைக் கேட்க வேண்டும்?

சீசன் தொடங்கப்போகிற நேரத்தில் யூனிவர்சிட்டியிலிருந்து போன் வந்தது. மகளோடு போய் உட்கார்ந்தேன். ரூல்களைக் கவனிக்கிற அதிகாரி, டை கட்டிய ஆள், மேஜைமேல் என் காலண்டரை வைத்திருந்தார். விளையாடுகிறவர் படத்தை வைத்து ஒரு கடை விளம்பரம் செய்தால் அவர் விளையாட முடியாதாம். விளையாடாவிட்டால் அடுத்த வருஷ ஸ்காலர்ஷிப்புக்கும் உத்தரவாதம் இல்லையாம்.

“மை டாட்டர்” என்றேன்.

“அவர் ஸ்டூடன்ட் அத்லெட்” என்றார் அவர்.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் சீசன் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதிலும் என் மகள்தான். அவள் காலடியில் ஒரு பீட்சாக் கடையின் முத்திரை.

“அந்த பீட்சாக்காரன் இவங்களுக்குக் காசு குடுத்தானான்னு கேளு” என்றேன் மகளிடம்.

“அப்பா, ப்ளீஸ். நாட் நவ்.”

“நீ கேக்கறயா, நான் கேக்கட்டுமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அது டிபார்ட்மென்டுக்கு வந்த பணம் என்றார் அதிகாரி. “ஹவ் மச் ஃபார் ஹெர்?” என்றேன். அவர் பேனா மூடியைத் திருகினார். கடைசியில், கொடுத்த காலண்டரையெல்லாம் திரும்ப வாங்கிக் கொண்டுவந்தால் யோசிப்போம் என்றார்.

அந்த சனிக்கிழமை வீடு வீடாகப் போனோம். மகள் டிரைவ் பண்ணினாள். ஒரு வீட்டம்மா காலண்டரைக் கழற்றவே விடவில்லை.

“அமாவாசைக்கு நான் எதப் பாக்கறது அங்கிள்? வேற காலண்டர் குடுத்துட்டு இத எடுத்துக்கங்க.”

“படத்த மட்டும் கிழிச்சுக்கறேன், தேதி உங்களுக்கே இருக்கட்டும்” என்று கிழித்துக்கொண்டேன்.

யூனிவர்சிட்டிக்குக் காலண்டர் தானாக நடந்து போகவில்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் நான் சுவரைத்தான் முதலில் பார்த்தேன். ஓர் இன்ஜினியர் வீட்டில் ஆணி மட்டும் இருந்தது. அவர் பையன் நீச்சல்காரன். எந்தக் காலேஜும் அவனைக் கூப்பிடவில்லை.

“அண்ணா, நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல” என்றார் அவர் கதவைத் திறந்ததுமே.

“நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லைங்களே” என்றேன்.

காருக்குள் மகள் கேட்டாள்: “டூ யூ சஸ்பெக்ட் எவ்ரிபடி, அப்பா?”

“உங்கம்மாவையும் உன்னையும் விட்டுட்டேன்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “ஐ ஜஸ்ட் வான்ட் டு ப்ளே” என்றாள். மடியிலிருந்த காலண்டர்களை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டேன்.

காலண்டர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதல் மேட்சில் அவளை வெளியே உட்கார வைத்தார்கள், அடுத்ததில் இறக்கினார்கள். ஜெயித்தாள். வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் அவள் முகம் போட்ட அட்டை கொடுத்தார்கள். திருப்பினால் பீட்சா கூப்பன். அந்த இன்ஜினியரும் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது காலேஜில் விளையாடுகிற பிள்ளைகள் விளம்பரத்தில் வந்து சம்பாதிக்கலாமாம். டிவியில் பெரிய படிப்புப் படித்தவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்கள். கொடுக்கட்டும், வேலை செய்தவருக்குக் கூலி கொடுப்பதில் என்ன யோசனை? ஆனால் நடுவில் எவன் கமிஷன் அடிக்கிறான் என்று பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் தமிழ்ச் சங்க மலரில் என் மகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் கோச் பெயரைப் போடுகிறார்கள், யூனிவர்சிட்டி பெயரைப் போடுகிறார்கள். அந்த ஆபீசில் உட்கார்ந்து ‘அவளுக்கு எவ்வளவு’ என்று கேட்ட ஆள் யார்? அடுத்த மலரில் அதை என் பெயரோடு அச்சடியுங்கள். சின்ன எழுத்தில் வேண்டாம்.